புத்தகத்தில் க்யூஆர் கட்டம், வாசலில் பறிமுதல்

தமிழ்நாட்டு அரசுப் பாடநூல் ஏதாவது வீட்டில் இருந்தால் எடுத்து ஆரம்பப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். க்யூஆர் கோடை எப்படிப் பயன்படுத்துவது என்று படிப்படியாக விளக்கியிருப்பார்கள். திறன்பேசியில் தீக்ஷா செயலியை இறக்கிக்கொள்ள வேண்டும், கேமராவைக் கட்டத்துக்கு நேரே பிடிக்க வேண்டும், பாடத்துக்கான காணொளி திறக்கும். 2018-19 கல்வியாண்டில் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதுப் பாடநூல்கள் வந்தபோது இந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களும் கூடவே வந்தன. அடுத்தடுத்த ஆண்டுகளில் மற்ற வகுப்புகளுக்கும் வந்துவிட்டன. நல்ல யோசனைதான். இதயத்தின் நான்கு அறைகளைப் படமாகப் பார்ப்பதைவிட அது சுருங்கி விரிவதைப் பார்த்தால் பிள்ளைக்குச் சட்டென்று புரியும்.

ஆனால் அந்தப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு போகிற பிள்ளை, புத்தகமே கேட்கிற கருவியையும் பையில் போட்டுக்கொண்டு போனால் அது குற்றம். வாசலிலோ பிரேயரிலோ பிடிபட்டால் பறிமுதல். அரசாங்கத்தின் ஒரு கை ஸ்கேன் பண்ணு என்கிறது, இன்னொரு கை பிடுங்கிக்கொள்கிறது. கேட்டால், வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்று பதில் வரும். சரி, எந்த வீட்டில், யார் போனில்? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலிலேயே என் நிலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னூட்டத்தில் வேறு சண்டை நடக்கும். வகுப்பு நடக்கும்போது பிள்ளைகள் கையில் போன் இருக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. நான் விமர்சிப்பது தடையை எழுதுகிற விதத்தை. போன் என்றால் ஒரு பிள்ளையின் பாக்கெட்டில் இருக்கிற, அந்தப் பிள்ளைக்கே சொந்தமான ஒரு பொருள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். மதுராந்தகம் தாலுகா கிராமங்களில் அது பெரும்பாலும் அப்படி இல்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இந்த விஷயத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது 2015-ல் லூயி-பிலிப் பெலாண்டும் ரிச்சர்ட் மர்ஃபியும் செய்த ஆய்வு. இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் 91 பள்ளிகளை எடுத்து, போனைத் தடைசெய்த பிறகு மதிப்பெண் என்ன ஆனது என்று பார்த்தார்கள். மொத்தத்தில் சின்ன முன்னேற்றம்தான். ஆனால் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். முன்வரிசைப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. பிறகு சுவீடனில் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு பார்த்தவர்கள் (2020) மதிப்பெண்ணில் குறிப்பிடும்படி மாற்றம் எதுவும் காணவில்லை. 2025-ல் பர்மிங்காம் பல்கலைக்கழகக் குழு இங்கிலாந்தில் 30 பள்ளிகளில் 1,227 பிள்ளைகளிடம் பார்த்தது. தடை இருக்கிற பள்ளிக்கும் இல்லாத பள்ளிக்கும் பிள்ளைகளின் மனநலத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு நாளில் மொத்தமாக எவ்வளவு நேரம் போன் பார்க்கிறார்கள் என்பதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. பள்ளியில் விட்டதை வீட்டில் பிடித்துவிடுகிறார்கள் போல.

நமக்கு நெருக்கமான ஆய்வு ஒன்றும் 2025-ல் வந்தது. இந்தியாவின் உயர்கல்வி நிறுவனங்களில் ஏறக்குறைய 17,000 மாணவர்களை வைத்து, சில வகுப்புகளில் மட்டும் போனை வாங்கி வைத்துவிட்டுப் பாடம் நடத்திப் பார்த்தார்கள். மதிப்பெண் கொஞ்சம் ஏறியது. இங்கேயும் அதிகப் பலன் பின்தங்கியவர்களுக்கும் முதலாண்டுக்காரர்களுக்கும்தான். கல்லூரி முடிவை எட்டாம் வகுப்புக்கு அப்படியே தூக்கிவைக்க முடியாது. ஆனாலும் இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெரிகிறது. போனை வகுப்புக்கு வெளியே வைத்தால் கைதூக்கிவிடப்படுவது, வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளை. அதனால்தான் நான் தடையின் பக்கம். அதே காரணத்துக்காகத்தான் தடையை அரைகுறையாக எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமும் வருகிறது.

ஜோனதன் ஹைட் எழுதி 2024-ல் வெளிவந்த, பதற்றத் தலைமுறையைப் பற்றிய ஆங்கிலப் புத்தகத்தை நம் ஊர் ஐடி பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வேதம் மாதிரிச் சுற்றுகிறார்கள். உயர்நிலைப் பள்ளி வரை ஸ்மார்ட்போன் வேண்டாம், 16 வயது வரை சமூக ஊடகம் வேண்டாம், பள்ளியில் போனே வேண்டாம், பிள்ளைகளை வெளியே விளையாட விடுங்கள் என்று நான்கு பரிந்துரைகள். புள்ளிவிவரத்தை அவர் இழுக்கிற இழுப்பை உளவியலாளர் கேண்டிஸ் ஆட்ஜர்ஸ் நேச்சர் இதழில் அப்போதே கேள்வி கேட்டார், கூடவே நடக்கிற இரண்டு விஷயங்களில் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது என்று. எனக்கு வேறொரு பிரச்சினை. அந்தப் புத்தகத்தின் பிள்ளைக்குத் தனி அறை இருக்கிறது, தனி போன் இருக்கிறது, கொண்டுவிடக் கார் இருக்கிறது. படாளம் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைக்கு இதில் எது இருக்கிறது?

இந்தியக் கிராமங்களுக்கு 2024 அசெர் அறிக்கை இருக்கிறது. 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 82 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட்போன் இயக்கத் தெரியும். கணக்கெடுப்புக்கு முந்தைய வாரத்தில் படிப்புக்காக அதைத் தொட்டவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்காகத் தொட்டவர்கள் 76 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணைத்தான் எல்லோரும் அலறிக்கொண்டு பகிர்ந்தார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: இயக்கத் தெரிந்தவர்களிலும் சொந்தப் போன் வைத்திருப்பவர்கள் 14 வயதில் சுமார் 27 சதவீதம், 16 வயதில் சுமார் 38 சதவீதம்தான். மீதிப் பேர் தொடுவது அப்பாவுடையதை, அம்மாவுடையதை, அண்ணனுடையதை. அதாவது கிராமத்துப் பிள்ளை கையில் இருக்கிற போன் பெரும்பாலும் வீட்டுச் சொத்து, தையல் மெஷின் மாதிரி, டிவிஎஸ் எக்ஸ்எல் மாதிரி.

இது கொரோனாவில் ஆரம்பித்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. 1 முதல் 8 வரை படித்த பிள்ளைகளுக்கு மறுபடி கதவு திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. நடுவில் ஒன்றரை வருஷத்துக்கு மேல். கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்ததால் டிவி இருக்கிற வீடுகள் ஓரளவு தப்பித்தன. மற்றபடி வீட்டுப்பாடம் முழுக்க வாட்ஸ்அப். நகையை அடகு வைத்துப் போன் வாங்கின குடும்பங்களை எங்கள் பக்கத்தில் எனக்கே தெரியும். படிப்புக்காக வாங்கு என்று சொன்னதும் பள்ளிதான். பள்ளி திறந்ததும் அந்தப் போன் திருட்டுப் பொருள் ஆகிவிட்டது. ஆனால் வாட்ஸ்அப் குழு மட்டும் கலையவில்லை. நாளைக்கு என்ன கொண்டுவர வேண்டும், என்ன டெஸ்ட், லீவா இல்லையா, எல்லாம் இன்றைக்கும் அதில்தான் வருகிறது.

வேடந்தாங்கல் பக்கம் ஒரு குடும்பம். பெயர், பள்ளி எதுவும் வேண்டாம். பெண் பதினோராம் வகுப்பு. காலை பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாத ஊர். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து இருட்டில் வந்து இறங்க வேண்டியிருக்கிறது என்பதற்காக, பரீட்சை நெருங்கின ஒரு வாரம் மட்டும் அம்மா தன் போனைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார், ஸ்விட்ச் ஆஃப் பண்ணி அடிப்பையில் வைத்திரு என்று சொல்லி. இரண்டாம் நாளே பை சோதனையில் மாட்டிக்கொண்டது. ஹெச்எம் அறை பீரோவுக்குப் போய்விட்டது. பெற்றோர் வந்து எழுதிக்கொடுத்தால்தான் திருப்பித் தருவோம் என்று பெற்றோருக்குத் தகவலும் அனுப்பிவிட்டார்கள். எந்த நம்பருக்கு? பதிவேட்டில் இருக்கிற நம்பருக்கு. அதாவது பீரோவில் இருக்கிற அதே போனுக்கு.

"வாங்கி வெச்சிக்கினாங்க தம்பி, தப்புன்னு சொல்லல. ஆனா கேஸ் புக் பண்ணா ஓடிபி அதுலதான் வரும். நூறு நாள் வேலை காசு வந்துதா இல்லையான்னு அதுலதான் பாக்கணும்" என்றார் அப்பா. நான்கு நாள் கழித்து, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய் எழுதிக்கொடுத்து வாங்கி வந்தார். அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவே வேண்டாம். வீட்டில் அதற்கப்புறம் எடுத்த முடிவு, இனிமேல் ஸ்பெஷல் கிளாஸ் வேண்டாம், நாலரை மணி பஸ்ஸில் வந்துவிடு என்பது. போன் இல்லாமல் இருட்டில் வரவேண்டாம் என்பதுதான் அவர்கள் கணக்கு. அண்ணன் விஷயத்தில் இந்தக் கணக்கு வந்திருக்காது. போன் தடையின் செலவைக் கடைசியில் அந்தப் பெண் ஸ்பெஷல் கிளாஸை விட்டுக் கட்டினாள்.

ஹெச்எம் கெட்டவர் இல்லை. அவர் கையில் இருந்த விதி ஒரே ஒரு வரி: கொண்டுவந்தால் பறிமுதல். அந்த ஒரு வரிக்குள் இந்தக் குடும்பத்துக்கு இடம் இல்லை, அவ்வளவுதான்.

அப்படியென்றால் எப்படி எழுத வேண்டும்? நம் நாட்டில் இருப்பதிலேயே கவனமாக எழுதப்பட்டது, என் கணக்கில், 2025 பிப்ரவரி 28 அன்று டெல்லி உயர்நீதிமன்றத்தில் நீதிபதி அனூப் ஜெய்ராம் பம்பானி கொடுத்த வழிகாட்டுதல்கள். கேந்திரிய வித்யாலயா மாணவர் ஒருவர் பள்ளியில் ஸ்மார்ட்போன் பயன்படுத்தியதற்காக வந்த நடவடிக்கையை ஒட்டிய வழக்கு அது. சிபிஎஸ்இ 2009-லேயே பள்ளியில் போனைக் கட்டுப்படுத்தச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டிருந்தது. பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகி, காலம் மாறிவிட்டது, முழுத்தடை நல்லதும் இல்லை, நடைமுறைக்கு ஒத்தும் வராது என்று நீதிமன்றம் சொன்னது. நம் மாநிலத்தை இது கட்டுப்படுத்தாது. கல்பாக்கத்தில் இருக்கிற கேந்திரிய வித்யாலயாக்கள் வேண்டுமானால் அவர்கள் தலைமையகம் வழியாகக் கவனிக்கலாம். ஆனாலும் வரிவரியாகப் படிக்க வேண்டிய ஆவணம்.

என் தொழில் என்னவென்றால், கிளையண்ட் எழுதித் தருகிற தேவைப் பட்டியலைப் படித்து, இதில் எது ஓடும், எது முதல் நாளே உடையும் என்று சொல்வது. அந்தக் கண்ணாலேயே இதையும் படித்தேன்.

ஓடக்கூடியவை நிறைய. கொண்டு வருவதைத் தடுக்காதே, பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்து என்று இரண்டையும் பிரித்தது பெரிய விஷயம். நம் ஒருவரி விதி கோட்டை விடுவது இங்கேதான். வகுப்பறையில் கூடாது. பள்ளியின் பொது இடங்களிலும் வண்டியிலும் கேமரா, ரெக்கார்டிங் கூடாது. பாதுகாப்புக்கும், வீட்டோடு தொடர்பு கொள்வதற்கும் அனுமதி, பொழுதுபோக்குக்கு இல்லை. பெற்றோர், ஆசிரியர், நிபுணர்களைக் கலந்து கொள்கை எழுத வேண்டும். மீறினால் தண்டனை வெளிப்படையாக இருக்க வேண்டும், அளவுக்கு மீறிக் கடுமையாக இருக்கக் கூடாது. குறிப்பிட்ட காலத்துக்குப் பறிமுதல் செய்யலாம், அல்லது சில நாட்கள் கொண்டுவரக் கூடாது என்று சொல்லலாம். 'குறிப்பிட்ட காலம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆண்டுப் பரீட்சை முடியும் வரை பீரோவில் வைத்திருப்பது இதில் வராது.

உடைகிற இடம் ஒன்று. எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம், பத்திரமாக வைக்க ஏற்பாடு இருந்தால், பள்ளிக்குள் வரும்போதே போனை ஒப்படைத்துவிட்டுத் திரும்பும்போது வாங்கிக்கொள்ள வேண்டும் என்கிறது தீர்ப்பு. இந்த 'எங்கெல்லாம் முடியுமோ' என்பதில்தான் மொத்தக் கனமும் உட்கார்ந்திருக்கிறது. முடியாத பள்ளி என்ன செய்யும்? பழையபடி ஒருவரி விதிக்குத்தான் திரும்பும். ஒப்படைத்த போன் தொலைந்தால், திரை உடைந்தால் யார் பொறுப்பு? வழிகாட்டுதலில் அதற்கு விடை கிடையாது. ஆசிரியர் தன் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டுமோ என்ற பயம் இருக்கிறவரை எந்தப் பள்ளியும் 'எங்களால் முடியும்' என்று கை தூக்காது. நானாக இருந்தாலும் தூக்க மாட்டேன்.

முடியுமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 600 பிள்ளைகள் படிக்கிற மேல்நிலைப் பள்ளி. பத்தில் ஒருவர் போன் கொண்டுவருகிறார் என்று வையுங்கள், 60 போன். வாசலில் ஒரு மேஜை, ஒரு நோட்டு. பெயர், வகுப்பு, கையெழுத்து, டோக்கன் என்று ஒருவருக்கு 20 விநாடி. மொத்தம் 20 நிமிடம். காலையில் பிள்ளைகள் முன்னே பின்னே வருவார்கள், சமாளிக்கலாம். மாலையில்? 60 பேரும் ஒரே மணி அடித்ததும் வருவார்கள். தேடி எடுத்துக் கொடுக்க ஆளுக்கு அரை நிமிடம் என்றால் கடைசிப் பிள்ளைக்கு அரை மணி நேரம். அதற்குள் பஸ் போய்விடும். மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளை போனை ஒப்படைக்காது, சாக்ஸுக்குள் வைத்துக்கொண்டு போகும். விதி உடைவது இப்படித்தான், ஒழுக்கக் குறைவால் இல்லை, பஸ் நேரத்தால்.

இதையே வகுப்புவாரியாகப் பிரித்தால் வகுப்புக்கு நான்கைந்து போன்தான். வகுப்பாசிரியர் வருகைப் பதிவு எடுக்கும்போதே வாங்கிவிடலாம். செருப்பு மாட்டுகிற துணி ரேக் மாதிரி, எண் போட்ட பைகள் தைத்த ஒரு துணித் தொங்கல் போதும். ஊர்த் தையல்காரரே தைத்துவிடுவார். அதை ஆசிரியர் அறையில் பூட்டு இருக்கிற பீரோவுக்குள் தொங்கவிட வேண்டும். கடைசிப் பீரியட் முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் வகுப்புக்கே திரும்பி வந்துவிட வேண்டும். மென்பொருளில் இது பால பாடம்: ஒரே இடத்தில் எல்லோரும் வரிசை கட்டினால் பிரித்து விடு. கூடவே ஒரு விதி வேண்டும். வாங்கி வைத்த போனை யாரும் திறந்து பார்க்கக் கூடாது. கேலரியையும் மெசேஜையும் நோண்டுவது ஒழுங்கு நடவடிக்கை ஆகாது. 2017-ல் உச்ச நீதிமன்றம் புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று சொன்னபோது பள்ளி மாணவர்களுக்குப் பொருந்தாது என்று எங்கேயும் விலக்கு வைக்கவில்லை. 2019 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றத்தில் நீதிபதி பி.வி. ஆஷா இன்னும் ஒரு படி போனார். கோழிக்கோடு அருகே கல்லூரி விடுதியில் மாலை 6 முதல் இரவு 10 வரை போன் கூடாது என்ற விதியை ஏற்க மறுத்த மாணவியை விடுதியிலிருந்து வெளியேற்றிய வழக்கு அது. இணையத்தை அணுகுவது கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று சொல்லி, அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டார். அது வயது வந்த மாணவி, விடுதி, படிப்பு நேரம். பள்ளி வேறு. ஆனால் நீதிமன்றம் பார்த்த விதம் நமக்கும் வேண்டியது: ஒழுங்கு என்ற பெயரில் போடுகிற விதி படிப்பின் எந்த வாசலை அடைக்கிறது என்று முதலில் பார்.

போனை வாங்கி வைப்பது நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். ஓஎம்ஆரில் நான் இரண்டு வருஷம் ஒரு வங்கி பிராஜெக்டில் இருந்தேன். அந்தத் தளத்துக்குள் போன் கொண்டுபோக முடியாது. நூற்றுக்கணக்கான பெரியவர்கள் தினமும் போனை வைத்துவிட்டு உள்ளே போனோம், யாரும் செத்துப்போகவில்லை. ஏன் நடந்தது? ஆளுக்கு ஒரு லாக்கர், சாவி நம் கையில். வீட்டில் கொடுத்து வைக்க ஒரு லேண்ட்லைன் நம்பர், அவசரம் என்றால் இருக்கைக்கே வந்து கூப்பிடுவார்கள். மூன்றாவதுதான் முக்கியம்: மேனேஜரும் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். இந்த மூன்றில் ஒன்று இல்லாமல் இருந்திருந்தாலும் முதல் வாரமே நாங்கள் ஏமாற்ற ஆரம்பித்திருப்போம். சம்பளம் வாங்குகிற நாற்பது வயதுக்காரனுக்குச் செய்து கொடுக்கிற இந்த ஏற்பாட்டில் ஒன்றைக்கூட பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் செய்யாமல், அவனுக்குக் கட்டுப்பாடு இல்லை என்கிறோம்.

லேண்ட்லைன் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த கிராமத்துப் பள்ளிகளில் பள்ளியின் போன் என்பது ஹெச்எம்மின் சொந்த செல்போன். அவர் மீட்டிங்குக்கு செங்கல்பட்டு போய்விட்டால் பள்ளியையே கூப்பிட முடியாது. பாட்டி இறந்துவிட்டார் என்று பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமென்றால் பைக் எடுத்துக்கொண்டு நேரில்தான் போக வேண்டும். இப்படி இருக்கும்போது, ஏன் பிள்ளையிடம் போன் கொடுத்து அனுப்புகிறீர்கள் என்று பெற்றோரைக் கேட்பதில் நியாயமில்லை. பட்டன் போன் கொடுங்களேன் என்பார்கள். நானும் அதைத்தான் சொல்வேன், அதில் ரீல்ஸ் ஓடாது. ஆனால் இன்னொரு சிம், மாதாமாதம் இன்னொரு ரீசார்ஜ் என்பது ஒரே போனில் ஓடுகிற வீட்டுக்குச் சின்னச் செலவு இல்லை.

மேனேஜரும் வைத்துவிட்டு வருவார் என்றேனே, பள்ளியில் அது இன்னும் சிக்கல். ஆசிரியர் வருகைப் பதிவு எடுப்பது இப்போது நோட்டில் மட்டும் இல்லை, டிஎன்எஸ்இடி செயலியில். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளின் மதிப்பீட்டைப் பதிவதும் செயலியில்தான். பாடம் நடத்த விடாமல் டேட்டா என்ட்ரி ஆக்கிவிட்டார்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் பல வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கின்றன. டவர் சரியாக இல்லாத ஊரில் ஆசிரியர் ஜன்னல் ஓரம் போய்ப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். பிள்ளைக்கு அது ஈஎம்ஐஎஸ்ஸா இன்ஸ்டாகிராமா என்று எப்படித் தெரியும்? ஆசிரியர் போன் பார்க்கிறார், நான் பார்த்தால் குற்றம். அவ்வளவுதான் அதற்குப் புரிவது. துறை இதை மாற்ற விரும்பினால் வழி ஒன்றும் கடினமில்லை. வகுப்பறையில் செய்ய வேண்டிய பதிவுகளைக் குறைத்து, மீதியைப் பள்ளிக்கென்று இருக்கிற கருவியில், வகுப்புக்கு வெளியே செய்யும்படி வைக்கலாம்.

எல்லோருக்கும் ஒரே விதி என்பது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. வேடந்தாங்கலில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஒவ்வொரு ஆண்டும் பத்திரிகைகளில் வருகிற செய்திதான். 1798-ல் அன்றைய செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர்க்காரர்கள் உத்தரவு வாங்கியதாகச் சொல்வார்கள். 2022-ல் ராம்சர் பட்டியலிலும் ஏரி சேர்ந்துவிட்டது. ஆனால் வெடி வெடிக்காததற்குக் காரணம் கலெக்டரும் இல்லை, ராம்சரும் இல்லை. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். விதியின் காரணம் விதியோடு சேர்ந்தே வீட்டில் சொல்லித் தரப்படுகிறது. ஊரில் பெரிய ஆள் என்பதற்காக யாருக்கும் விலக்கும் இல்லை.

இந்த உதாரணத்தை அதிகம் இழுக்கவும் கூடாது. வெடி யாரையும் வா வா என்று கூப்பிடாது. போன் கூப்பிடும், அப்படிக் கூப்பிடும்படி எழுதுவதற்கென்றே எங்கள் தொழிலில் ஆட்கள் இருக்கிறார்கள், நல்ல சம்பளத்தில். எந்த நேரத்தில் எந்த நோட்டிஃபிகேஷன் அனுப்பினால் விரல் தொடும் என்று சோதித்துச் சோதித்துத் தேர்வு செய்கிறார்கள். அதனால் பிள்ளைகளே உணர்ந்து திருந்திவிடுவார்கள் என்று விட்டுவிட முடியாது, பூட்டுப் போட்ட பீரோ வேண்டும்தான். பிரான்ஸ் 2018-லும் பிரேசில் 2025-லும் சட்டமே போட்டன. 2024 முடியும்போது உலகில் 79 நாட்டுக் கல்வி அமைப்புகளில் ஏதோ ஒரு தடை இருந்ததாக யுனெஸ்கோ கணக்கு. அதில் சேருவதில் தவறில்லை. பீரோவும் லேண்ட்லைனும் இல்லாமல் சேர்ந்தால் அது வெறும் பறிமுதல்.

நடைமுறையில் இதை எங்கே ஆரம்பிப்பது? புது அமைப்பு எதுவும் வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். டெல்லி தீர்ப்பு சொல்கிற கலந்தாலோசனைக்கு நம்மிடம் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள். ஒருவரி விதியை எடுத்துவிட்டு அந்தக் கூட்டத்தில் ஐந்தாறு வரித் தீர்மானம் போட்டால் போதும். கொண்டு வரலாமா என்பதை வீடு முன்கூட்டியே எழுதித் தரட்டும், ஒரு வாரத்துக்கு மட்டும் என்றால் அதையும். வகுப்பாசிரியர் காலையில் வாங்குவார், யாரும் திறக்க மாட்டார்கள். தொலைந்தால் ஈடு பெற்றோர் ஆசிரியர் கழக நிதியிலிருந்து, ஆசிரியர் பையிலிருந்து இல்லை. ஒப்படைக்காமல் மறைத்துப் பிடிபட்டால் எத்தனை நாள் பறிமுதல் என்று எண் போட்டு எழுத வேண்டும், அதிலும் அது வீட்டின் ஒரே போன் என்றால் அன்று மாலையே அம்மா கையில் கொடுத்துவிட வேண்டும். அடையாள அட்டையின் பின்பக்கத்தில் பள்ளிக்கென்று ஒரு நம்பர், ஹெச்எம் நம்பர் இல்லை.

தகவல் சொல்கிற விஷயத்திலும் ஒரு சின்ன வேலை. மாணவர் பதிவேட்டில் பெற்றோர் நம்பருக்குப் பக்கத்தில் இரண்டாவது நம்பர் ஒன்று கேட்டு வாங்குங்கள், பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருந்தாலும் சரி.

க்யூஆர் கட்டத்துக்கும் இதுதான் பதில். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் என்று கணினிகளோடு ஒரு அறை இருக்கிறது. தீக்ஷா காணொளிகள் அந்தக் கணினியிலும் ஓடும். வாரத்தில் ஒரு பீரியடை அந்த வாரப் பாடத்தின் கட்டங்களுக்கென்று டைம்டேபிளில் போட்டுவிட்டால், வீட்டில் போன் இருக்கிற பிள்ளையும் இல்லாத பிள்ளையும் ஒரே திரையில் இதயம் துடிப்பதைப் பார்க்கலாம். நான் கேட்டுப் பார்த்த ஒரு பள்ளியில் லேப் பூட்டியிருந்தது. ஆன்லைன் டெஸ்ட் நாளில் மட்டும்தான் திறப்போம் சார் என்றார்கள்.